பூஸ்ட் கேஜின் குழாயை எங்கே செருகுவது?

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் பெல்ட்டால் சுழன்று கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவி. அந்தக் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்தான் பூஸ்ட் கேஜ். சூப்பர்சார்ஜர் உள்ள காருக்கு அப்படி ஒன்றை வாங்கினால் டப்பாவுக்குள் பெரும்பாலும் ஒரு வட்ட மீட்டர், சில அடி நீளத்துக்கு மெல்லிய குழாய், ஹோஸில் கிளை பிரிக்க ஒரு சின்ன டி ஜாயின்ட், இவ்வளவுதான் இருக்கும். மீட்டரை டேஷ்போர்டில் பொருத்துவது பெரிய வித்தை இல்லை. குழாயின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு பானெட்டைத் திறந்த பிறகுதான் குழப்பமே. எஞ்சினைச் சுற்றி ஏகப்பட்ட கறுப்பு ஹோஸ்கள் ஓடும். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எதை வெட்டி டி போட்டாலும் முள் ஏதோ ஓர் அளவைக் காட்டிவிடும். அது நமக்கு வேண்டிய அளவா என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏர் ஃபில்டரில் நுழையும் காற்று சிலிண்டருக்குள் போய்ச் சேர்வதற்குள் பல கட்டங்களைக் கடக்கிறது. சூப்பர்சார்ஜர், அழுத்தத்தில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ஆக்சிலரேட்டருக்கு ஏற்பத் திறந்து மூடும் த்ராட்டில் ஆகிய மூன்றையும் கடந்து வந்த காற்று, இன்டேக் வால்வுக்கு முன்னால் கடைசியாகக் கூடி நிற்கும் அறை ஒன்று இருக்கிறது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் அந்த அறைக்கு பிளீனம் என்று பெயர். அங்கே இருக்கும் அழுத்தம்தான் எஞ்சினுக்கு உண்மையில் கிடைப்பது. கேஜின் குழாய் அங்கிருந்து வரவேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் சில எஞ்சின்களில் அந்த அறை சூப்பர்சார்ஜருக்கு அடியில் கண்ணுக்கே தெரியாமல் புதைந்திருக்கும். இன்னும் சிலவற்றில், அந்த அறையிலிருந்து வருவதுபோலவே தோன்றும் ஹோஸ் வேறெங்கிருந்தோ வரும். அதனால் கொஞ்சம் அடிப்படையிலிருந்து பார்த்துவிடுவது நல்லது.

முள் காட்டுவது என்ன?

கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். பிஎஸ்ஐ கணக்கில் 14.7. எஞ்சின் நிற்கும்போது மேனிஃபோல்டுக்குள்ளும் இதே அழுத்தம்தான். வழக்கமான பூஸ்ட் கேஜ் இந்தச் சுற்றுப்புற அழுத்தத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, அதைவிட உள்ளே எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்பதை மட்டும் காட்டும். கூடினால் பூஸ்ட், குறைந்தால் வேக்யூம்.

ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. பிஸ்டன்களோ காற்றை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இழுக்கும் அளவுக்கு உள்ளே வர வழியில்லை. அதனால் மேனிஃபோல்டில் அழுத்தம் இறங்கி, நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் எஞ்சினில் 30 முதல் 40 கிலோபாஸ்கல் என்ற அளவில் நிற்கும். கேஜில் பார்த்தால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 0.6 முதல் 0.7 பார். பல கேஜ்கள் பூஸ்ட் பக்கத்தை பிஎஸ்ஐ அளவிலும் வேக்யூம் பக்கத்தை அங்குலப் பாதரசத்திலும் குறித்திருக்கும். அந்த அளவில் இது 18 முதல் 21 அங்குலம். ஒரே முகத்தில் இரண்டு அளவுகள் ஏன் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவதுண்டு. பழைய பழக்கம், வேறு காரணம் தேட வேண்டாம். 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், 14.5 பிஎஸ்ஐ, 29.5 அங்குலப் பாதரசம். இதைக் குறித்து வைத்துக்கொண்டால் எந்தக் கேஜையும் படித்துவிடலாம்.

ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் த்ராட்டில் திறந்துவிடும். சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினில் முள் பூஜ்யத்தருகே வந்து நின்றுவிடும், அதற்கு மேல் போகாது. சூப்பர்சார்ஜர் இருந்தால் அது எஞ்சின் இயல்பாக விழுங்கக்கூடியதைவிட அதிகமான காற்றைத் தள்ளுகிறது. வாசலில் நுழையும் வேகத்தைவிடக் கூட்டம் வந்து சேரும் வேகம் கூடினால் வாசலில் நெரிசல் உண்டாகும் அல்லவா? அந்த நெரிசலின் அளவுதான் பூஸ்ட். சாலையில் ஓடும் சூப்பர்சார்ஜர் கார்கள் பலவற்றில் அது 0.4 முதல் 0.8 பார் அளவில் இருக்கும்.

இந்த நெரிசல் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும். சிலிண்டர் ஹெட்டையோ எக்ஸாஸ்டையோ காற்று தாராளமாகப் போகும்படி மாற்றினால், அதே சூப்பர்சார்ஜர், அதன் பெல்ட் ஓடும் அதே புல்லி இருந்தும் கேஜில் பூஸ்ட் கொஞ்சம் இறங்கும். எஞ்சின் சக்தியோ கூடியிருக்கும். பூஸ்ட் எண்ணை வைத்து மட்டும் எஞ்சினை எடைபோடுவது எனக்கு ஒப்பாத காரியம்.

த்ராட்டில் எந்தப் பக்கம்?

குழாயைச் செருகும் இடத்தைத் தீர்மானிக்கும் முன் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். உங்கள் எஞ்சினில் த்ராட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? எக்ஸாஸ்ட் புகையின் விசையால் சுழலும் டர்போ உள்ள கார்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது. அங்கே டர்போவுக்கு அப்புறம்தான் த்ராட்டில். அதனால் டர்போ காரில் கேஜ் போட்டுப் பழகியவர்கள் சொல்லும் யோசனை சூப்பர்சார்ஜர் காரில் பல சமயம் தவறாகிவிடுகிறது.

ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ ஆகிய இரண்டு சூப்பர்சார்ஜர் வகைகளிலும் உள்ளே ஜோடி ரோட்டர்கள் சுழன்று ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு காற்றைத் தள்ளும். இவற்றில் பெரும்பாலும் த்ராட்டில் முன்னால் இருக்கும். 2000களின் முற்பகுதியில் வந்த மினி கூப்பர் எஸ் இதற்கு நல்ல உதாரணம். ஃபில்டர், த்ராட்டில், ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், மேலே இன்டர்கூலர், பிறகு மேனிஃபோல்ட் என்று காற்று போகும். 1986இல் வந்த டொயோட்டாவின் 4ஏ-ஜிஇசட்இ எஞ்சினிலும் இதே வரிசைதான். டாட்ஜ் ஹெல்கேட் போன்ற பெரிய வி8களில் சூப்பர்சார்ஜர் எஞ்சினின் தலையில் உட்கார்ந்திருக்கும், த்ராட்டில் அதன் வாயில் இருக்கும்.

சென்ட்ரிஃப்யூகல் வகை வேறு. டர்போவின் குளிர்ப் பாதியை, அதாவது காற்றை அழுத்தும் பாதியை, கழற்றி பெல்ட்டில் மாட்டியது போன்ற அமைப்பு அது. இதில் த்ராட்டில் பெரும்பாலும் கடைசியில், மேனிஃபோல்டின் வாயிலேயே இருக்கும். ரோட்டர் வகைக்கும் சென்ட்ரிஃப்யூகலுக்கும் சேராத விதிவிலக்குகளும் உண்டு. 1980களின் இறுதியில் வந்த ஃபோக்ஸ்வாகன் கொராடோ ஜி60இன் சுருள் வடிவ சூப்பர்சார்ஜருக்குப் பின்னால்தான் த்ராட்டில் இருந்தது. ஆக, வகையை வைத்து ஊகிக்க வேண்டாம். ஃபில்டர் பெட்டியிலிருந்து தொடங்கி காற்று போகும் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள்.

சரி, இது ஏன் இவ்வளவு முக்கியம்?

த்ராட்டில் முன்னால் இருக்கும் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். த்ராட்டிலுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அங்கே ஒருபோதும் பூஸ்ட் வராது. ஏனென்றால் அது சூப்பர்சார்ஜர் இழுக்கும் பக்கம். ஐடிலிங்கில் அங்கே நல்ல வேக்யூம் இருக்கும். முழு ஆக்சிலரேட்டரில் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். கேஜை இங்கே இணைத்தவர் வண்டியை விரட்டிப் பார்த்துவிட்டு, சூப்பர்சார்ஜர் வேலையே செய்யவில்லை என்ற முடிவுக்கு வருவார். நன்றாக ஓடும் சூப்பர்சார்ஜரை இப்படிக் கழற்றிப் பிரித்துப் போட்டால் வீண் செலவுதான் மிச்சம்.

இதில் ஏமாற வைக்கும் இடம் ஐடிலிங். இத்தகைய எஞ்சின்களில் ஒரு பைபாஸ் வால்வ் இருக்கும். மெதுவாக ஓட்டும்போது அது திறந்து, சூப்பர்சார்ஜரின் வெளிவாயையும் உள்வாயையும் இணைத்துவிடும். ரோட்டர்கள் தள்ளும் காற்று திரும்ப உள்வாய்க்கே போகும். எஞ்சின் வீணாக உழைக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆனால் பைபாஸ் திறந்திருக்கும்வரை சூப்பர்சார்ஜருக்கு முன்னாலும் பின்னாலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. அதாவது, சரியான ஹோஸில் குழாயைச் செருகினாலும், தவறான ஹோஸில் செருகினாலும், ஐடிலிங்கில் கேஜ் ஒரே எண்ணைக் காட்டும். பட்டறையில் வண்டியை நிறுத்திவைத்து, முள் 19 அங்குல வேக்யூம் காட்டுகிறது, எல்லாம் சரி என்று பானெட்டை மூடிவிடுவது இங்கேதான் தப்பாகிறது.

த்ராட்டில் பின்னால் இருக்கும் எஞ்சினில் இது அப்படியே தலைகீழ். சூப்பர்சார்ஜருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள பைப்பில் வேக்யூம் என்பதே தெரியாது. ஐடிலிங்கில் முள் பூஜ்யத்தில் அல்லது ஒரு நூல் மேலே நிற்கும். முழு ஆக்சிலரேட்டரிலோ த்ராட்டில் திறந்திருப்பதால் பைப்பில் உள்ள அழுத்தமும் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே விரட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பாதி ஆக்சிலரேட்டரில்தான் பொய் வரும். த்ராட்டிலுக்கு முன்னால் காற்று தேங்கி நின்று பூஸ்ட் காட்டும், எஞ்சினுக்குள் அப்போது வேக்யூம்கூட இருக்கலாம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விதி கிடைக்கிறது. ஒரே ஹோஸில் ஐடிலிங்கின்போது ஆழமான வேக்யூமும் முழு ஆக்சிலரேட்டரில் பூஸ்ட்டும் வரவேண்டும். இரண்டும் வந்தால் குழாய் த்ராட்டிலையும் சூப்பர்சார்ஜரையும் தாண்டிய இடத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் வந்தால் இடம் தவறு.

இன்டர்கூலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கடக்கும்போது காற்று கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும். சூப்பர்சார்ஜரின் வாயில் 0.75 பார் இருந்து இன்டர்கூலரில் 0.1 பார் போனால், எஞ்சினுக்குக் கிடைப்பது 0.65தான். குழாயை இன்டர்கூலருக்கு முன்னால் செருகியவர் இருப்பதைவிட அதிகமான எண்ணைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருப்பார். இரண்டு பக்கமும் தனித்தனியே அளந்து பார்ப்பதற்கு ஒரு பயன் உண்டு. வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் இன்டர்கூலரே காற்றை நெரிக்கிறது என்று தெரிந்துவிடும்.

எந்த ஹோஸ்?

மிகச் சிறந்த இடம், பிளீனத்தின் உடலிலேயே இருக்கும் காலி நிப்பிள், அதாவது ஹோஸ் மாட்டும் சின்னக் குழாய்முனை. சில மேனிஃபோல்டுகளில் ரப்பர் மூடி போட்ட நிப்பிளோ, திருகி அடைத்த துளையோ இருக்கும். அது இருந்தால் எந்த ஹோஸையும் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் எஞ்சினின் மேல் உட்கார்ந்திருக்கும் ரூட்ஸ் சூப்பர்சார்ஜரில் கவனம் தேவை. அந்தப் பெரிய அலுமினிய வார்ப்பில் உள்வாய்ப் பக்கமும் இருக்கிறது, வெளிவாய்ப் பக்கமும் இருக்கிறது. பின்புறத்தில் தெரியும் நிப்பிள் மேனிஃபோல்டுக்குச் சொந்தமானது போலத் தோன்றும், திறந்து பார்த்தால் உள்வாய் அறைக்குப் போகும்.

காலி நிப்பிள் இல்லையென்றால் நான் முதலில் தேடுவது ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டரின் ஹோஸைத்தான். எரிபொருள் ரெயிலின் ஒரு முனையில் உருண்டையான சின்ன உலோகப் பொருளாக அது இருக்கும், தலையில் ஒரு மெல்லிய ஹோஸ். அதன் வேலையைப் புரிந்துகொண்டால் ஏன் அதை நம்பலாம் என்று தெரியும். இன்ஜெக்டரின் பின்புறம் பெட்ரோல் அழுத்தம், முன்புறம் மேனிஃபோல்டின் காற்றழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் மாறாமல் இருந்தால்தான் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை வைத்து பெட்ரோல் அளவைக் கணக்கிட முடியும். அந்த வித்தியாசத்தை 3 பார் என்று வைத்துக்கொள்வோம். மேனிஃபோல்டில் 0.7 பார் பூஸ்ட் வரும்போது ரெகுலேட்டர் பெட்ரோலை 3.7க்கு ஏற்றவேண்டும். ஐடிலிங்கில் மேனிஃபோல்ட் 0.65 பார் வேக்யூமுக்குப் போகும்போது 2.35க்கு இறக்கவேண்டும். இதைச் செய்ய அதற்கு மேனிஃபோல்டின் உண்மையான அழுத்தம் தெரிந்தாகவேண்டும். எனவே கார் தயாரித்தவர்களே நமக்காகச் சரியான இடத்தைத் தேடி வைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதிலும் இரண்டு எச்சரிக்கைகள். ஹோஸைக் கழற்றி முதலில் மோந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் உள்சவ்வான டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அந்த நிலையில் டி போட்டால் பெட்ரோல் உங்கள் குழாய் வழியாக காருக்குள்ளேயே வந்துவிடலாம். இரண்டாவது, சில எஞ்சின்களில் மேனிஃபோல்டுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சொலினாய்டு வால்வ் இருக்கும். அப்படியானால் சொலினாய்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள துண்டில்தான் டி போடவேண்டும். புதிய கார்கள் பலவற்றில் ரெகுலேட்டர் பெட்ரோல் டேங்குக்குள் போய்விட்டதால் இந்த ஹோஸே இருக்காது. நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களிலும் தேடிப் பயனில்லை.

அடுத்தது மேப் சென்சார். மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளந்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்குச் சொல்வதே அதன் வேலை. ஹோஸ் வழியாக இணைத்த மேப் சென்சார் இருந்தால் அந்த ஹோஸில் டி போட்டால் கேஜ் சரியாகவே காட்டும். ஆனாலும் வேறு வழி இருந்தால் இதைத் தொடாமல் விடுவதே நல்லது. காரணம் இருக்கிறது. இசியு அந்த எண்ணை நம்பித்தான் பெட்ரோலையும் இக்னிஷன் டைமிங்கையும் தீர்மானிக்கிறது. நீங்கள் போட்ட டி ஜாயின்ட் பூஸ்டில் லேசாகக் கசிந்தால் சென்சாருக்குப் போகும் அழுத்தம் குறையும். இசியு குறைவான காற்று வருகிறது என்று நினைத்து பெட்ரோலைக் குறைக்கும். முழு பூஸ்டில் பெட்ரோல் குறைந்தால் எஞ்சினில் நாக்கிங் வரும், அதாவது எரிபொருள் கட்டுக்கடங்காமல் வெடிக்கும், பிஸ்டனே உடையலாம். சென்சார் மேனிஃபோல்டில் நேரடியாகத் திருகப்பட்டிருந்தால் ஹோஸ் இல்லை. ஆனால் அது இருக்கும் இடமே நமக்கு ஒரு குறிப்பு. சில கார்களில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அழுத்த சென்சார்கள் இருக்கும், அப்போது பின்னால் இருப்பதைப் பாருங்கள்.

இனி தவிர்க்கவேண்டியவை. பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ் கண்ணுக்கு முதலில் படும். அதில் ஒருவழி வால்வ் இருக்கிறது, வேக்யூமைப் பிடித்துவைத்து பூஸ்டை உள்ளே விடாமல் தடுக்க. வால்வைத் தாண்டிய பக்கத்தில் டி போட்டால் முள் வேக்யூமிலேயே உறைந்து நிற்கும். வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே போட்டால் சரியாகக் காட்டலாம். என்றாலும் ஒரு மீட்டருக்காக பிரேக்கின் ஹோஸில் கைவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டி ஜாயின்ட் கழன்றால் பெடல் கல்லாகிவிடும்.

எஞ்சினின் அடியறைப் புகையை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிசிவி ஹோஸ் வேண்டாம். அதிலும் வால்வ் உண்டு, எண்ணெய்ப் புகையும் வரும். பெட்ரோல் ஆவியை உறிஞ்சும் பர்ஜ் ஹோஸும் வேண்டாம். ஏசி கதவுகளை இயக்கும் வேக்யூம் டப்பாவுக்குப் போவதும் வேண்டாம்.

பைபாஸ் வால்வை இயக்கும் சின்ன வட்டமான ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ்தான் மிகவும் ஆசைகாட்டும். சூப்பர்சார்ஜரோடு ஒட்டி இருப்பதால் இதில்தானே பூஸ்ட் இருக்கும் என்று தோன்றும். ஆனால் த்ராட்டில் முன்னால் உள்ள எஞ்சின்களில் அது பெரும்பாலும் உள்வாய் அறையிலிருந்து வேக்யூம் எடுக்கும் ஹோஸ். ஜெனரல் மோட்டார்ஸின் 3800 சூப்பர்சார்ஜ்டு வி6 போன்ற எஞ்சின்களில் பூஸ்டைக் கொண்டுவரும் இன்னொரு ஹோஸும் ஆக்சுவேட்டருக்கு வரும், நடுவே இசியு திறந்து மூடும் ஒரு சொலினாய்டு இருக்கும். சொலினாய்டைத் தாண்டி டி போட்டால் மேனிஃபோல்டில் உள்ளது தெரியாது. இசியு அந்த நேரத்தில் அனுப்புவதுதான் தெரியும்.

சோதித்துப் பார்ப்பது

ஹோஸை வெட்டுவதற்கு முன்பே தற்காலிகமாக கேஜை இணைத்துச் சோதிக்கலாம். எஞ்சின் நிற்கும்போது முள் பூஜ்யத்தில் இருக்கவேண்டும். ஸ்டார்ட் செய்து சூடான பிறகு ஐடிலிங்கில் ஆழமான வேக்யூம் வரவேண்டும். நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்து விட்டால் முள் பூஜ்யத்துக்குத் தாவி, விட்டவுடன் ஐடிலிங் அளவைவிடக் கீழே போய், பிறகு பழைய இடத்துக்கு வரவேண்டும். இப்போது எஞ்சினை நிறுத்துங்கள். முள் உடனே பூஜ்யத்துக்குத் திரும்பினால் நல்லது. வேக்யூமைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினால் நடுவே ஒருவழி வால்வ் இருக்கிறது, அந்த ஹோஸ் ஆகாது.

கடைசிச் சோதனை ஓட்டிப் பார்த்தால்தான் முடியும். நிற்கும் வண்டியில் எஞ்சினுக்குச் சுமை இல்லாததால் முழு பூஸ்ட் வராது. போக்குவரத்து இல்லாத இடத்தில், மேல் கியரில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பார்க்கவேண்டும். மீட்டரைப் படிக்க இன்னொருவர் பக்கத்தில் உட்காரட்டும், ஓட்டுபவருக்கு அது வேலை இல்லை. தற்காலிகக் குழாயை பானெட் இடுக்கில் நசுங்காமலும் பெல்ட்டில் சிக்காமலும் கட்டிவிட மறக்கக்கூடாது.

ரோட்டர் வகையில் குறைந்த ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் எழுந்து பெரிய மாற்றமில்லாமல் தொடரும். சென்ட்ரிஃப்யூகலில் பூஸ்ட் ஏறக்குறைய சுழல்வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 6000 ஆர்பிஎம்மில் 0.6 பார் தருவது 3000இல் 0.15 அளவுதான் தரும். சென்ட்ரிஃப்யூகல் வைத்தவர்கள் கீழ் ஆர்பிஎம்மில் முள் அசையவில்லையே என்று இடத்தைச் சந்தேகிக்க வேண்டாம், மேலே போய்ப் பாருங்கள்.

பொருத்தும்போது

டி ஜாயின்டின் அளவு ஹோஸின் உள்விட்டத்துக்குச் சரியாக இருக்கவேண்டும். லூசாக இருப்பதைக் கிளாம்ப் போட்டு இறுக்கிச் சமாளிப்பது நாளடைவில் கசியும். பூஸ்டில் ஹோஸ் கழன்று போவது வேக்யூமில் கழல்வதைவிட எளிது என்பதால் ஒவ்வொரு முனையிலும் சின்னக் கிளாம்ப் போட்டுவிடுங்கள்.

மேனிஃபோல்டில் எடுக்கும் இடம் மேற்புறமாக இருந்தால் நல்லது. அடியில் எடுத்தால் எண்ணெயும் ஈரமும் இறங்கி குழாயில் தேங்கும். ஒரே ஒரு சிலிண்டருக்குப் போகும் ரன்னரிலிருந்து எடுத்தால் அந்த வால்வ் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் முள் நடுங்கும். பிளீனத்தில் எல்லா சிலிண்டர்களின் துடிப்பும் கலந்து அடங்கிவிடும். அப்படியும் நடுக்கம் இருந்தால் குழாய்க்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையுள்ள சின்ன அடைப்பைச் செருகினால் முள் அமைதியாகும். எஞ்சினுக்கும் காரின் உள்பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்பான ஃபயர்வாலில் குழாய் நுழையும் இடத்தில் ரப்பர் வளையமான குரோமெட் கட்டாயம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பக்கமே போகவேண்டாம். எலக்ட்ரிக் கேஜ் என்றால் சென்சார் பானெட்டுக்கு அடியிலேயே இருந்துவிடும், கம்பி மட்டும் உள்ளே வரும். பெட்ரோல் ஆவி காருக்குள் வரும் கவலையே இல்லாததால் புதிதாக வாங்குபவர்களுக்கு அதையே சொல்வேன்.

குழாயே வேண்டாம் என்பவர்களுக்கு, காரின் பழுதறியும் சாக்கெட்டான ஓபிடி வழியும் உண்டு. பல கார்கள் மேனிஃபோல்ட் அழுத்தத்தை அதில் கொடுக்கும். அது சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்ட அளவு அல்ல, முழு அழுத்தம். 160 என்று வந்தால் அதிலிருந்து அன்றைய காற்றழுத்தத்தைக் கழிக்கவேண்டும். கடல் மட்டத்தில் 101 போக 59 கிலோபாஸ்கல், அதாவது 0.59 பார் பூஸ்ட். இங்கேயும் கேள்வி அதேதான்: கார் எந்த சென்சாரின் எண்ணைத் தருகிறது? ஐடிலிங், முழு ஆக்சிலரேட்டர் ஆகிய இரண்டு சோதனைகளும் இதற்கும் பொருந்தும்.

எண்ணைப் படிக்கும்போது

இடம் சரியாக இருந்தும் எண் குறைந்தால் முதலில் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். சூப்பர்சார்ஜர் உள்ளே வரும் காற்றைக் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் அழுத்துகிறது. கடல் மட்டத்தில் 0.6 பார் தருவது சுமார் 1.6 மடங்கு அழுத்துகிறது என்று அர்த்தம். 2000 மீட்டர் உயரத்தில் சுற்றுப்புற அழுத்தமே 80 கிலோபாஸ்கல் அளவுதான். அதன் 1.6 மடங்கு 128. கேஜில் 0.48 பார்தான் தெரியும். ஐடிலிங்கின் வேக்யூமும் அங்கே குறைவாகவே காட்டும். இவை பழுது இல்லை.

உயரம் மாறாமல் எல்லா ஆர்பிஎம்மிலும் பூஸ்ட் ஒரே மாதிரி குறைந்திருந்தால் பைபாஸ் வால்வ் முழுக்க மூடுகிறதா, இன்டர்கூலர் ஹோஸ்கள் எங்காவது கசிகின்றனவா என்று பார்க்கலாம். கீழே சரியாக ஏறி, மேல் ஆர்பிஎம்மில் மட்டும் முள் சரிந்தால் முதல் சந்தேகம் பெல்ட் வழுக்குவது. புல்லியில் பளபளப்பு, பெல்ட்டின் ஓரத்தில் கறுப்புத் தூள், தளர்ந்த டென்ஷனர் ஆகியவற்றைத் தேடுங்கள். சின்ன புல்லி மாட்டிய வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் வரும். புல்லி சிறியதானால் பெல்ட் பற்றிக்கொள்ளும் பரப்பு குறைகிறது, சுழற்றவேண்டிய சுமையோ கூடுகிறது.